பென்சீன் வளையத்தில் ஒரு தொகுதி ஏறினால் வடிவம் மாறுமா, அரோமேட்டிக் தன்மை குறையுமா?

பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பென்சீன் தட்டையான அறுகோணம், ஒவ்வொரு கோணமும் 120 டிகிரி என்று படித்தோம். ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மெத்திலோ அமினோவோ நைட்ரோவோ வைத்தால் அந்தத் தட்டை வடிவம் நிலைக்குமா? டொலுயீனில் எஸ்பி3 கார்பன் வந்துவிடுகிறதே? அனிலீனில் நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான்களைச் சேர்த்தால் மொத்தம் எட்டு ஆகிறதே, ஹக்கல் விதி என்ன ஆவது? நைட்ரோபென்சீன் வினைபுரியத் தயங்குகிறது என்பதால் அதற்குத்தான் அரோமேட்டிக் தன்மை அதிகம் என்று சொல்லலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளையம் தட்டையாகவே இருக்கும். பக்கங்கள் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். அரோமேட்டிக் தன்மை, அதாவது எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் சுற்றிப் பரவுவதால் கிடைக்கும் கூடுதல் நிலைப்பு, மிகச் சிறிதளவே அசையும். மாறுபவை வேறு: தொகுதி ஏறிய கார்பனில் உள்ள கோணம், வளையத்தில் எலக்ட்ரான் அடர்த்தி எங்கே கூடி எங்கே குறைகிறது என்பது, அந்தத் தொகுதி வளையத்தின் தளத்தோடு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது. உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வளையம் தட்டையா? பக்கங்கள் சமமா? அது அரோமேட்டிக்கா? பென்சீனில் இந்த மூன்றுக்கும் "ஆம்" என்ற ஒரே விடை வருவதால் மூன்றும் ஒன்றே என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. பதிலீடு செய்த வளையங்களைப் புரிந்துகொள்ள அந்த முடிச்சை அவிழ்த்தாக வேண்டும்.

தட்டை வடிவத்திலிருந்து தொடங்குவோம். பென்சீன் வளையம் தட்டையானது என்பதற்கு முதல் நேரடிச் சான்று தூய பென்சீனிலிருந்து கிடைக்கவில்லை. ஆறு ஹைட்ரஜனும் மாற்றப்பட்ட பென்சீனிலிருந்து கிடைத்தது. கெக்குலே 1865-ல் அறுகோண வளையத்தை முன்வைத்த பிறகும், அதன் உண்மையான வடிவத்தை யாரும் அளந்திருக்கவில்லை. 1920-களில்கூட, வைரத்தில் இருப்பதுபோல் அந்த வளையமும் மேலும் கீழுமாக மடிந்திருக்கலாம் என்று எக்ஸ்-கதிர் ஆய்வின் முன்னோடியான வில்லியம் ஹென்றி பிராக் கருதினார். பென்சீன் 5.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அறை வெப்பநிலையில் அதன் படிகத்தைக் கருவியில் வைக்க முடியாது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய கேத்லீன் லான்ஸ்டேல் ஹெக்சாமெத்தில்பென்சீனை எடுத்துக்கொண்டார். அது நல்ல திடப்பொருள். படிகங்களை அங்கே பேராசிரியராக இருந்த இங்கோல்டு கொடுத்தார். அதன் படிக அலகுக்கூட்டில் ஒரே ஒரு மூலக்கூறுதான் இருக்கிறது. கணினி இல்லாத அந்நாளில் அது பெரிய வசதி. 1929-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: வளையத்தின் ஆறு கார்பன்களும், அவற்றில் தொங்கும் ஆறு மெத்தில் கார்பன்களும் ஒரே தளத்தில் இருக்கின்றன. வளையத்தின் பக்கங்கள் சுமார் 1.42 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இன்றைய அளவீடுகளில் பென்சீனின் பக்கம் 1.39 முதல் 1.40 வரை. சாதாரண ஒற்றைப் பிணைப்பு 1.54, இரட்டைப் பிணைப்பு 1.34 என்பதை நினைவில் வைத்தால், இது இரண்டுக்கும் இடைப்பட்டது என்பது புரியும்.

ஆகவே டொலுயீனைப் பற்றிய உங்கள் கவலைக்கு விடை 1929-லேயே கிடைத்துவிட்டது. மெத்தில் கார்பன் எஸ்பி3 ஆக, அதாவது நான்கு பிணைப்புகளும் நான்முகி வடிவில் விரிந்ததாக, இருப்பது உண்மை. ஆனால் அது வளையத்துக்கு வெளியே இருக்கிறது. வளையத்தின் ஆறு கார்பன்களும் எஸ்பி2 ஆகவே, மூன்று பிணைப்புகளும் ஒரே தளத்தில் விரியும் நிலையிலேயே, தொடர்கின்றன. அவற்றில் எதிலிருந்து ஒரு பிணைப்பு வெளியே நீண்டாலும், அதன் மறுமுனையில் இருக்கும் அணு எதுவாயினும், அந்த அணு வளையத்தின் தளத்திலேயே உட்காரும். டொலுயீனில் மொத்தம் 15 அணுக்கள். ஏழு கார்பன்களும் வளையத்தின் ஐந்து ஹைட்ரஜன்களும் சேர்ந்து 12 அணுக்கள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். மெத்தில் சுழலும்போது அதன் ஹைட்ரஜன்களில் ஒன்று தளத்துக்குள் வந்தால் 13. அதற்கு மேல் வராது. அந்தச் சுழற்சிக்குத் தடையும் இல்லை என்றே சொல்லலாம், மோலுக்கு 0.06 கிலோஜூல் அளவுதான். ஈத்தேனில் அதே சுழற்சிக்கு 12 கிலோஜூல் வேண்டும். நைட்ரோபென்சீனில் 14 அணுக்களும், பீனாலில் 13 அணுக்களும் முழுமையாக ஒரே தளத்தில் இருக்கின்றன. தேர்வில் "ஒரே தளத்தில் உள்ள அணுக்கள் எத்தனை" என்று கேட்டால், வளையத்தின் 12 அணுக்களிலிருந்து தொடங்கி, வெளித் தொகுதியைத் தனியாகப் பாருங்கள்.

தொகுதிகள் நெருக்கியடித்தாலும் வளையம் எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. ஹெக்சாஎத்தில்பென்சீனில் ஆறு எத்தில் தொகுதிகளுக்கும் தளத்தில் இடம் போதாது. என்ன நடக்கிறது? மெத்தில் முனைகள் ஒன்று மேலே, அடுத்தது கீழே, அடுத்தது மேலே என்று மாறி மாறி நிற்கின்றன. நெருக்கடியை எத்தில் தொகுதிகளே ஏற்றுக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் வளையம் தட்டையாகவே இருக்கிறது.

கோணங்களின் கதை வேறு. 120 டிகிரி என்பது பென்சீனின் முழுச் சமச்சீர் அமைப்பால் வந்த எண். ஒரு தொகுதி ஏறியவுடன் அந்தச் சமச்சீர்மை போய்விடுகிறது. கோணம் 120 ஆகவே இருந்தாக வேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது. தொகுதி ஏறிய கார்பனை இப்சோ கார்பன் என்பார்கள். அங்கே வளையத்துக்குள் இருக்கும் கோணம் டொலுயீனில் 118 முதல் 119 டிகிரி. புளூரோபென்சீனில் 123-க்குச் சற்று மேல். நைட்ரோபென்சீனிலும் 123-ஐ ஒட்டி. இன்னொரு கோடியில், கார்பனோடு லித்தியம் பிணைந்த பீனைல்லித்தியத்தின் படிகத்தில் அது சுமார் 112 டிகிரி வரை குறுகிவிடுகிறது.

காரணம் அழகானது. புளூரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் அணு. இப்படிப்பட்ட அணுவை நோக்கி நீளும் பிணைப்புக்குக் கார்பன் தன் பி ஆர்பிட்டாலின் பங்கை அதிகமாகக் கொடுக்கிறது. அப்போது வளையத்தின் பக்கமாக நீளும் இரு பிணைப்புகளுக்கும் எஸ் ஆர்பிட்டாலின் பங்கு கூடுகிறது. எஸ் பங்கு கூடினால் கோணம் விரியும், எஸ்பி3-ல் 109.5, எஸ்பி2-ல் 120, எஸ்பி-யில் 180 என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். லித்தியத்தில் இது தலைகீழாக நடக்கிறது. 1961-ல் ஹென்றி பென்ட் வகுத்த விதி இதைத்தான் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கோண மாற்றம் பெரும்பாலும் அணுக்களை நேர்கோட்டில் இணைக்கும் சிக்மா பிணைப்புகளின் வேலை. மேலும் கீழும் பரவியிருக்கும் பை எலக்ட்ரான்களை அது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. கோணம் மூன்று டிகிரி விரிந்துவிட்டது என்பதற்காக அரோமேட்டிக் தன்மை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இனி எட்டு எலக்ட்ரான் சிக்கல். ஹக்கல் 1931-ல் கண்ட விதியின்படி, நான்கின் மடங்கோடு இரண்டைக் கூட்டினால் வரும் 2, 6, 10, 14 ஆகிய எண்ணிக்கையில் பை எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி இருந்தால் நிலைப்புத்தன்மை கிடைக்கும். "வளையத்தைச் சுற்றி" என்பதுதான் முக்கியம். அனிலீனின் நைட்ரஜன் வளையத்தின் உறுப்பு அல்ல, வாசலில் நிற்கிறது. அதன் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் வளையத்துக்குள் சற்றே கசிந்தாலும், வளையத்தைச் சுற்றி வரும் பாதையில் அந்த நைட்ரஜன் இல்லை. ஆகவே கணக்கில் ஆறுதான். பிர்ரோலில் நைட்ரஜன் வளையத்தின் ஐந்து அணுக்களில் ஒன்று. அங்கே அந்த இரண்டு எலக்ட்ரான்களைச் சேர்த்தால்தான் ஆறு வரும். பீனாலின் ஆக்சிஜன், குளோரோபென்சீனின் குளோரின், நைட்ரோ தொகுதியின் இரட்டைப் பிணைப்பு எல்லாம் வாசலுக்கு வெளியே இருப்பவை. அவற்றை எண்ண வேண்டாம்.

கசிவு எவ்வளவு என்பதை அனிலீனின் வடிவமே காட்டுகிறது. அமோனியாவில் நைட்ரஜன் ஒரு பிரமிடின் உச்சியில் இருக்கிறது. ஹைட்ரஜன்–நைட்ரஜன்–ஹைட்ரஜன் கோணம் சுமார் 107 டிகிரி. தனித்த இரட்டை முழுமையாக வளையத்தோடு கலந்தால் அமினோ தொகுதி தட்டையாகி 120 டிகிரிக்கு வர வேண்டும். அனிலீனில் இது 113 டிகிரி. அமினோ தொகுதியின் தளம் வளையத்தின் தளத்தோடு 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவான கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அதாவது நைட்ரஜன் பாதி வழியில் நிற்கிறது: முழுப் பிரமிடும் இல்லை, முழுத் தட்டையும் இல்லை. ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கத்துக்குப் புரள அமோனியாவில் மோலுக்குச் சுமார் 24 கிலோஜூல் தேவை. அனிலீனில் 6 கிலோஜூல் போதும். பாடநூலில் அனிலீனின் நைட்ரஜனை நேராக எஸ்பி2 என்று எழுதுவதும் எஸ்பி3 என்று எழுதுவதும் இரண்டுமே உண்மையைச் சற்று இழுத்துப் பிடிப்பதுதான். இந்த அரைகுறைக் கலப்பே அனிலீனின் காரத்தன்மையைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. அதன் இணை அமிலத்தின் பிகேஏ (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் எண்) 4.6, வளையம் அரோமேட்டிக்காக இல்லாத சைக்ளோஹெக்சைலமீனுக்கு 10.6. பத்து லட்சம் மடங்கு வேறுபாடு.

எதிர்ப்பக்கத்தில், பாரா நிலையில், ஒரு நைட்ரோ தொகுதியை வைத்துப் பாருங்கள். பாரா-நைட்ரோஅனிலீனில் அமினோ தொகுதி ஏறக்குறைய முழுத் தட்டையாகிவிடுகிறது. கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அனிலீனில் 1.40 ஆங்ஸ்ட்ராம், இங்கே படிகத்தில் 1.36 அளவுக்குச் சுருங்குகிறது. ஒரு தொகுதி தள்ள, இன்னொன்று இழுக்க, எலக்ட்ரான் வளையத்தைக் கடந்து போகிறது.

தொகுதியின் சாய்வு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு நைட்ரோபீனால்கள். எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் சலிக்காத ஒன்று. பீனாலின் பிகேஏ 10. பாரா நிலையில் நைட்ரோ ஏறினால் 7.15 ஆகக் குறைகிறது, அதாவது அமிலத்தன்மை கூடுகிறது. மெட்டா நிலையில், அதாவது ஒன்றுவிட்டு அடுத்த கார்பனில், ஏறினால் 8.4. பாராவில் நைட்ரோ, ஹைட்ரஜன் அயனியை இழந்த பீனாக்சைடு அயனியின் எதிர்மின்சுமையை உடனிசைவின் வழியாக, அதாவது பை எலக்ட்ரான்களின் பரவலால், தன் ஆக்சிஜன்களுக்கு வாங்கிக்கொள்கிறது. மெட்டாவில் அந்த வழி அடைபட்டிருப்பதால் சிக்மா பிணைப்புகள் வழியாக இழுக்கும் தூண்டல் விளைவு மட்டுமே வேலை செய்கிறது. இதுவரை பாடநூலில் உண்டு.

இப்போது பாரா-நைட்ரோபீனாலில் இரண்டு மெத்தில் தொகுதிகளைச் சேர்ப்போம். இரண்டு விதமாகச் சேர்க்கலாம். 2, 6 நிலைகளில், அதாவது ஹைட்ராக்சிலின் இரு பக்கமும் வைத்தால் பிகேஏ 7.2 அளவு. பழைய மதிப்பிலிருந்து அசையவே இல்லை. 3, 5 நிலைகளில், அதாவது நைட்ரோவின் இரு பக்கமும் வைத்தால் 8.25. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. இடம் மட்டும் மாறியதற்கு அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மெத்தில் எலக்ட்ரானை வழங்குவதால்தான் இப்படி என்று விளக்க முடியாது. நைட்ரோ இல்லாத பீனாலில் 3, 5 நிலைகளில் மெத்தில்கள் ஏறினால் பிகேஏ 0.2 அளவுதான் உயர்கிறது. மீதி 0.9 எங்கிருந்து வந்தது? வடிவத்திலிருந்து. இரு பக்கமும் மெத்தில் நெருக்குவதால் நைட்ரோ தொகுதி வளையத்தின் தளத்திலிருந்து திருகிக்கொள்கிறது. திருகிய நைட்ரோவின் பி ஆர்பிட்டால்கள் வளையத்தின் பி ஆர்பிட்டால்களோடு பக்கவாட்டில் கைகோக்க முடியாது. உடனிசைவு அறுந்து, தூண்டல் விளைவு மட்டும் மிஞ்சுகிறது. 8.25 என்ற எண்ணை மெட்டா-நைட்ரோபீனாலின் 8.4-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாராவில் நிற்கும் நைட்ரோ, திருகியதால் மெட்டாவில் நிற்பதுபோல் நடந்துகொள்கிறது. ஹைட்ராக்சிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது சிறியது, இரு மெத்தில்களுக்கு நடுவிலும் தளத்திலேயே இருக்க முடிகிறது.

இதைக் கொள்ளிடத் தடையால் உடனிசைவு தடுக்கப்படுதல் என்பார்கள். இங்கே இழந்தது வளையத்துக்கும் தொகுதிக்கும் இடையிலான உறவு மட்டுமே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குள் சுற்றும் ஆறு எலக்ட்ரான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய பைபீனைலிலும் இதே நிலைதான். வாயு நிலையில் இரு வளையங்களும் சுமார் 44 டிகிரி திருகியிருக்கின்றன. ஒவ்வொரு வளையமும் தனித்தனியே தட்டை. இணைப்பை ஒட்டிய நான்கு ஆர்த்தோ இடங்களிலும் பெரிய தொகுதிகள் ஏறினால் சுழற்சியே நின்றுவிடும். நான்கு வெவ்வேறு தொகுதிகள் கொண்ட கைரல் கார்பன் ஒன்றுகூட இல்லாமல் ஒளிச்சுழற்சி உண்டாகும். 1922-ல் கிறிஸ்டியும் கென்னரும் அப்படிப்பட்ட டைநைட்ரோ அமிலம் ஒன்றை இரு ஆடிபிம்ப வடிவங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். இது ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. மின்மாற்றி எண்ணெய்களில் ஒருகாலத்தில் பயன்பட்ட பாலிகுளோரினேட்டட் பைபீனைல்களில், ஆர்த்தோ இடங்களில் குளோரின் இல்லாத சில வகைகள் தட்டையாகிக்கொள்ள முடியும். அவைதாம் டையாக்சினைப் போன்ற நஞ்சாக உடலில் வேலை செய்கின்றன. ஆர்த்தோ குளோரின்களால் திருகி நிற்பவற்றுக்கு அந்த வகை நச்சுத்தன்மை மிகக் குறைவு.

நைட்ரோபென்சீன் அதிக அரோமேட்டிக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் நான்கு கேள்விகளில் இதுதான் மிகப் பலரைத் தடுமாற வைப்பது. நைட்ரோ ஏற்ற வினையில் பென்சீனின் வேகத்தை 1 என்று கொண்டால், டொலுயீன் சுமார் 25, பீனால் சுமார் 1,000, குளோரோபென்சீன் 0.033, நைட்ரோபென்சீன் பத்துக் கோடியில் 6 பங்கு. பீனாலுக்கும் நைட்ரோபென்சீனுக்கும் இடையே 1,600 கோடி மடங்குக்கும் மேலான வேறுபாடு. அரோமேட்டிக் தன்மை இந்த அளவுக்கு மாறியிருந்தால் வடிவத்திலும் ஆற்றலிலும் அது தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் வினைவேகம் தொடக்க மூலக்கூறை மட்டும் வைத்து முடிவாவதில்லை. எலக்ட்ரான் கவர் பொருள் வளையத்தின் ஒரு கார்பனில் ஏறும்போது அந்தக் கார்பன் எஸ்பி3 ஆகிறது, சுற்றுப்பாதை அறுகிறது, வளையத்தில் நேர்மின்சுமை தங்குகிறது. எந்த வளையமானாலும் இந்த இழப்பு ஏறக்குறைய ஒன்றே. அந்த நேர்மின்சுமையை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பீனாலின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரானைக் கொடுத்துத் தாங்குகிறது. நைட்ரோ, தானே எலக்ட்ரானுக்கு ஏங்குவது, அந்த அயனியை இன்னும் தவிக்க விடுகிறது. வினைத்திறன் வேறு, அரோமேட்டிக் தன்மை வேறு.

அணுக்கருக்களின் காந்தச் சூழலைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையிலும் இதே தவறு நடக்கிறது. பென்சீனின் ஹைட்ரஜன்கள் 7.36 பிபிஎம் அருகில் வருகின்றன. வளையத்தைச் சுற்றும் எலக்ட்ரான் ஓட்டமே அதற்குக் காரணம். அனிலீனின் ஆர்த்தோ ஹைட்ரஜன்கள் 6.7-க்கு இறங்குகின்றன, நைட்ரோபென்சீனில் 8.2-க்கு ஏறுகின்றன. இதை வைத்து அனிலீனின் அரோமேட்டிக் தன்மை குறைந்தது, நைட்ரோபென்சீனில் கூடியது என்று எழுதிவிடாதீர்கள். அந்தந்தக் கார்பனில் எலக்ட்ரான் அடர்த்தி கூடியதையும் குறைந்ததையும்தான் அந்த எண்கள் காட்டுகின்றன. மெட்டா ஹைட்ரஜன்களைப் பாருங்கள்: இரண்டிலும் 7.2-க்கும் 7.5-க்கும் இடையில்தான் இருக்கின்றன.

வடிவம் மாறாமல் எலக்ட்ரான் பங்கீடு முழுவதும் தலைகீழாக மாறும் என்பதற்கு ஹெக்சாபுளூரோபென்சீன் நல்ல சான்று. அதுவும் தட்டை, எல்லாக் கோணமும் 120, பக்கம் 1.39 ஆங்ஸ்ட்ராம். பென்சீனில் வளையத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் எதிர்மின் சாயலும், விளிம்பில் நேர்மின் சாயலும் உண்டு. ஹெக்சாபுளூரோபென்சீனில் இது அப்படியே மாறிவிடுகிறது. இரண்டும் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும் திரவங்கள். இரண்டையும் சம மோலாகக் கலந்தால் சுமார் 24 டிகிரியில் உருகும் திடப்பொருள் கிடைக்கிறது. தட்டுகள் மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன.

தட்டையும் அரோமேட்டிக் தன்மையும் ஒன்றல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இரு திசையிலும் சான்று உண்டு. பாரா-பென்சோகுவினோன் ஆறு கார்பன் வளையம், முழுத் தட்டை, எல்லாக் கார்பனும் எஸ்பி2. ஆனால் அதன் இரட்டைப் பிணைப்புகள் 1.34, ஒற்றைப் பிணைப்புகள் 1.48. அது அரோமேட்டிக் அல்ல. இரண்டு ஹைட்ரஜனை ஏற்று ஹைட்ரோகுவினோன் ஆனவுடன் அதே வளையம் அரோமேட்டிக் ஆகிறது.

மறுதிசையில், பிரவுனும் பார்த்திங்கும் 1949-ல் கண்ட பாராசைக்ளோபேன் ஒன்று. இரண்டு பென்சீன் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டு, பாரா இடங்களில் இரண்டிரண்டு கார்பன் கொண்ட பாலங்களால் கட்டப்பட்டிருக்கின்றன. பாலம் குட்டையாக இருப்பதால் வளையங்கள் படகு வடிவில் வளைந்துவிட்டன. பாலம் பிடித்த கார்பன்கள் மற்ற நான்கு கார்பன்களின் தளத்திலிருந்து சுமார் 12.6 டிகிரி விலகியிருக்கின்றன. இருந்தும் அது பென்சீனைப் போலவே எலக்ட்ரான் கவர் பதிலீட்டு வினைகளில் ஈடுபடுகிறது. அதன் வளைய ஹைட்ரஜன்கள் என்எம்ஆரில் 6.5 பிபிஎம் அருகில் வருகின்றன. வளைந்தாலும் அரோமேட்டிக் தன்மை ஓடிவிடவில்லை.

வளையத்தை உண்மையிலேயே குலைக்க வேண்டுமானால் எலக்ட்ரான் எண்ணிக்கையில் கை வைக்க வேண்டும். லான்ஸ்டேல் அளந்த அதே ஹெக்சாமெத்தில்பென்சீனிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை நீக்கினால் பை எலக்ட்ரான் நான்குதான் மிஞ்சும். அந்த அயனி அறுகோணமாகவே இருப்பதில்லை. ஐந்து கார்பன்கள் ஐங்கோணமாகக் கூடி, ஆறாவது கார்பன் அதன்மேல் உச்சியாக அமர்கிறது. உச்சிக் கார்பன் கீழே ஐந்து கார்பன்களோடும் மேலே ஒரு மெத்திலோடும் சேர்ந்து ஆறு அண்டை அணுக்களைக் கொண்டிருக்கிறது. பெர்லினில் மாலிசெவ்ஸ்கியும் செப்பெல்ட்டும் அதன் படிக அமைப்பை 2017-ல் வெளியிட்டார்கள்.

சரி, அரோமேட்டிக் தன்மையை எண்ணாக அளக்க முடியுமா? ஆற்றல் ஒரு வழி. சைக்ளோஹெக்சீனின் ஒரு இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனேற்றம் செய்தால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிவரும். மூன்றுக்கு 360 வர வேண்டும். பென்சீன் தருவது 208 மட்டுமே. அந்த 150 கிலோஜூல் பென்சீன் ஏற்கெனவே சம்பாதித்துவைத்த நிலைப்பு. வடிவத்தை வைத்து அளக்க 1972-ல் போலந்தில் குருஷெவ்ஸ்கியும் கிரிகோவ்ஸ்கியும் உருவாக்கிய ஹோமா என்ற எண் இருக்கிறது. கணக்கு எளிது, காகிதத்தில் நீங்களே போடலாம். வளையத்தின் ஒவ்வொரு பக்க நீளத்துக்கும் 1.388 ஆங்ஸ்ட்ராமுக்கும் உள்ள வேறுபாட்டை எடுங்கள், இருமடியாக்குங்கள், ஆறையும் கூட்டுங்கள், 42.95-ஆல் பெருக்குங்கள், 1-லிருந்து கழியுங்கள். பக்கம் 1.397 என்று கொண்டால் பென்சீனுக்கு 0.98 வரும். புளூரோபென்சீனுக்கு 0.99. தள்ளுவதும் இழுப்பதும் எதிரெதிரே நிற்கும் பாரா-நைட்ரோஅனிலீனில்கூட, அமினோவை ஒட்டிய பக்கங்கள் 1.41 வரை நீண்டு, நடுப்பக்கங்கள் 1.37–1.38 ஆகச் சுருங்கியும், எண் 0.9-க்கு மேலேயே நிற்கிறது. 1,600 கோடி மடங்கு வேகவேறுபாட்டைக் காட்டிய அதே தொகுதிகள் இங்கே இரண்டாம் தசம இடத்தில்தான் அசைவைக் காட்டுகின்றன.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பக்கங்கள் சமமாக இருப்பதே அரோமேட்டிக் தன்மை என்ற கருதுகோளின்மேல் அது நிற்கிறது. 1995-ல் சீகல் குழுவினர் பென்சீனின் மூன்று பக்கங்களில், ஒன்றுவிட்டு ஒன்றாக, இறுக்கமான இருவளையக் கூண்டுகளைப் பிணைத்தார்கள். கூண்டின் இழுவிசையால் வளையத்தின் பக்கங்கள் 1.349, 1.438 என்று மாறி மாறி அமைந்துவிட்டன. ஹோமா கணக்குப் போட்டால் 0.48. பாதி அரோமேட்டிக் தன்மை போய்விட்டது என்று தோன்றும். ஆனால் காந்தப் பண்புகளைக் கணித்தால் வளைய ஓட்டம் பென்சீனை நெருங்கியே இருக்கிறது. பக்கங்களைச் சமமாக வைத்திருப்பதில் சிக்மா கட்டமைப்புக்கே பெரும்பங்கு, பை எலக்ட்ரான்கள் உள்ளபடியே ஏறுமாறான பக்கங்களைத்தான் விரும்புகின்றன என்று ஷேக்கும் ஹிபர்ட்டியும் 1980-களிலிருந்து வாதிட்டு வந்தார்கள். முதலில் பலருக்கு இது ஏற்க முடியாததாக இருந்தது. ஆனால் பென்சீன் கிளர்வுற்ற நிலைக்குப் போய் அதன் பை பிணைப்பு தளரும்போது, பக்கங்கள் மாறி மாறி நீண்டு சுருங்கும் அதிர்வு 1,309-லிருந்து சுமார் 1,570 அலைஎண்ணுக்கு உயர்கிறது. பை எலக்ட்ரான்களே பக்கங்களைச் சமமாகப் பிடித்துவைத்திருந்தால் அந்த அதிர்வு குறைந்திருக்க வேண்டும். இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

அப்படியானால் அரோமேட்டிக் தன்மையை உண்மையிலேயே இழந்த, பதிலீடு செய்யப்பட்ட பென்சீன் வளையம் இருக்கிறதா? இருக்கிறது. 1986-ல் வோல்ஹார்ட்டும் டீர்க்ஸும் ஒரு மூலக்கூறை ஆக்கினார்கள்: நடுவில் ஒரு ஆறு கார்பன் வளையம், அதன் ஒன்றுவிட்ட மூன்று பக்கங்களிலும் நான்கு கார்பன் வளையம் ஒன்றின் வழியாக ஒரு பென்சீன் பிணைந்திருக்கிறது. நடுவளையத்தில் இரட்டைப் பிணைப்புகள் நான்கு கார்பன் வளையங்களுக்குள் அமர்ந்தால் அங்கே நான்கு பை எலக்ட்ரான்களால் நிலைப்பு குலைந்த, எதிர்-அரோமேட்டிக் எனப்படும் சைக்ளோபியூட்டாடையீன் உருவாகும். அதைத் தவிர்க்க அவை வெளியே தள்ளப்பட்டு நிலைத்துவிடுகின்றன. பக்கங்கள் சுமார் 1.34, 1.49 என மாறி மாறி அமைந்துள்ளன. ஹோமா எண் சுழிக்கும் கீழே, எதிர்க்குறியில் போகிறது. அது காகிதத்து எண் மட்டும் அல்ல. சாதாரண பென்சீனில் ஹைட்ரஜன் ஏற்ற உயர் அழுத்தமும் வெப்பமும் வேண்டும். இந்த மூலக்கூறின் நடுவளையம் பல்லேடியம் வினையூக்கியோடு மென்மையான சூழலிலேயே ஆறு ஹைட்ரஜனையும் ஏற்றுக்கொள்கிறது. சுற்றியுள்ள மூன்று பென்சீன் வளையங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு வளையத்தின் அரோமேட்டிக் தன்மையைப் பறிக்க இத்தனை கட்டுமானம் தேவைப்பட்டது. ஒரு மெத்திலோ அமினோவோ நைட்ரோவோ ஏறுவது அந்தப் பக்கம்கூடப் போவதில்லை.